கடைசி அலசலில் விடாத இரண்டு சொட்டு

அந்த நாட்களில் நான் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளார்க். கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தியும் படமும் அனுப்பி வந்தேன். பிலிமை வீட்டிலேயே கழுவுவேன். கடைசி அலசல் தண்ணீரில் ஒரு மருந்தை இரண்டு சொட்டு விட வேண்டும். விட்டால் தண்ணீர் பிலிமில் முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடும். கறை விழாது. மருந்து கொழும்பிலிருந்து வர வேண்டும். போத்தலில் அடி மட்டும்தான் மிச்சம் இருந்தது.

கொழுந்து பறிக்கும் அக்கா தங்கை இருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அக்கா புதன்கிழமை புருஷனோடு ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறாள். இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. என் கமராவில் ஒரே ஒரு படத்துக்குப் பிலிம் இருந்தது.

"பல்லக் காட்டாதக்கா, கப்பல்ல ஏத்த மாட்டாங்க" என்றாள் தங்கை.

"நீ வாய மூடிக்கிட்டு நில்லுடி. ஐயா, இவ பேசுறதும் படத்துல விழுமா?"

இருவரும் சிரித்தபோது எடுத்தேன்.

மறுநாள் நுவரெலியாவில் மலர்க் கண்காட்சி. பத்திரிகைக்குப் படம் வேண்டும். மிச்ச மருந்தை அதற்கென்று வைத்துக்கொண்டு, சகோதரிகளின் பிலிமை மலையிலிருந்து பீலியில் வழியும் வெறும் தண்ணீரில் மட்டும் அலசினேன்.

மழைக்காலத்தில் வீட்டில் எதுவும் காயாது. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில்தான் பிலிமைத் தொங்கவிடுவேன். அங்கே எப்போதும் வெதுவெதுப்பான காற்று வீசும். அந்தக் காற்றே போதும், மருந்து தேவையில்லை என்று கணக்குப் போட்டேன். நேர்மாறாக நடந்தது. சொட்டுகள் வழிவதற்குள் நின்ற இடத்திலேயே காய்ந்தன. மறுபடி ஊறவைத்தும் போகவில்லை.

வியாழக்கிழமை தங்கை வந்தாள். படத்தில் அவள் முகம் தெளிவாக இருந்தது. அக்காவின் கன்னத்திலும் வாயிலும் வெள்ளை வளையங்கள்.

"அம்மை போட்ட மாதிரி இருக்குங்களே ஐயா."

"பிலிம் பழசு" என்றேன்.

அவள் நம்பினாள். அக்காவுக்கு ஒரு பிரதி எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க. நம்ம மூஞ்சி இப்பிடியானு அது அழுவும். என்கிட்ட மட்டும் இருக்கட்டும்."

படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். கண்காட்சிப் படம் அந்த வாரமே இரண்டு பத்தி அகலத்தில் வந்தது. ஒரு கறை இல்லை. அதில் இருந்தது என்ன பூ என்று இப்போது எனக்கு நினைவில்லை. இன்னொரு பிரதி எடுக்கும் வேலை இல்லாமல் போயிற்று என்று அன்று நான் நிம்மதிப்பட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.