சப்வேக்குள் நடவு

என் காலை ஒடித்தது வேளாங்கண்ணிக்குப் போன கார். அதில் வந்தவர்கள் நல்லவர்கள்தான், குறை சொல்லக் கூடாது. இறங்கி ஓடி வந்து, என்னைத் தூக்கிக்கொண்டு போய்த் தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போனார்கள். "ஏம்மா இப்படிக் குறுக்க வந்தீங்க?" என்று காரில் வந்த அம்மாள் அழுதுகொண்டே கேட்டாள். குறுக்கே வராமல் பறந்தா வர முடியும்? திருப்பிக் கேட்க நினைத்தேன், வலியில் பேச்சு வரவில்லை. அந்தக் கேள்வியை எனக்காகக் கேட்டவள் அமிர்தம் அக்கா. கேட்டாள் என்றா சொன்னேன்? ஊரைக் கூட்டி, கலெக்டர் ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்க் கத்தினாள்! அந்த அக்காவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் வடக்குவெளியில் வீடும் நாற்றங்காலும் ரோட்டுக்கு வடக்கே, நடவு வயலெல்லாம் தெற்கே. நடுவில் நாலு வழி ரோடு வந்தது. வந்தபோது எங்களுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். கவர்மென்ட்டும் எங்களை அம்போ என்று விட்டுவிடவில்லை. நடந்து போகிறவர்களுக்காக ரோட்டுக்கு அடியில் ஒரு சப்வே கட்டிக் கொடுத்தது. டைல்ஸ் ஒட்டி, லைட் போட்டு, என்ன அழகு தெரியுமா! அந்த அழகெல்லாம் முதல் மழை வரைக்கும்தான். அப்புறம் உள்ளே இடுப்பளவு தண்ணீர். எருமை மாடு இறங்கி சொகுசாகப் படுத்துக்கொண்டது. ஆம்பிளைகளுக்கு என்ன, பைக்கை முறுக்கிக்கொண்டு கடைத்தெரு வரை போய்ச் சுற்றி வந்துவிடுவார்கள். நடக்கிறவர்கள் நாங்கள்தானே? தலையில் நாற்றுக்கட்டு, கையில் தூக்குவாளி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடுச்சுவரில் ஏறிக் குதித்து, காருக்கும் லாரிக்கும் நடுவே ஓடுவோம். 'சாலையைக் குறுக்கே கடக்காதீர், சுரங்கப்பாதையைப் பயன்படுத்தவும்' என்று அங்கே ஒரு போர்டு உண்டு. அந்தப் போர்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நாங்கள் சுவரில் ஏறுவோம்.

அமிர்தம் அக்கா எங்கள் நடவு செட்டுக்குத் தலைவி. பிறந்தது திருக்கடையூர்ப் பக்கம். வாக்கப்பட்டு வந்தது வீரையன் மாமாவுக்கு. குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிற மனுஷர் அவர். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அக்கா அவருக்கு நேர் எதிர். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய்! ஒருமுறை சரக்கு வண்டிக்காரன் எங்களை மூட்டை மாதிரி அடுக்கி ஏற்றிக்கொண்டு போனான். வளைவில் வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. அக்கா டிரைவர் முதுகுப்பக்கக் கண்ணாடியில் ஓங்கித் தட்டி, "நிறுத்துடா! ஆடா மாடா நாங்க? கீழ விழுந்து செத்தா ஒங்கப்பனா வந்து நட்டுக் குடுப்பான்?" என்று கேட்டு, அத்தனை பேரையும் இறக்கி வெயிலில் நடத்தியே கூட்டிப் போனாள். அன்றைக்கு நாங்கள் அவளைத் திட்டாத திட்டில்லை. அடுத்த வாரமே அதே வண்டி வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தது. நல்லவேளை, உள்ளே இருந்தது உர மூட்டைதான். அதிலிருந்து அக்கா சொன்னால் மறுபேச்சுப் பேசுவதில்லை.

என் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டுப் போனவள், மனு கொடுக்கும் திங்கட்கிழமை செட்டு முழுவதையும் பஸ் ஏற்றிவிட்டாள். சப்வேயில் தண்ணீர் நிற்காமல் செய்து கொடுங்கள், அவ்வளவுதான் மனு. பதில் என்ன வந்தது தெரியுமா? நடுச்சுவருக்கு மேலே ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி போட்டுவிடுகிறார்களாம். இனிமேல் யாரும் குறுக்கே போக முடியாதாம், விபத்தும் நடக்காதாம்!

"அப்ப வயலுக்கு எப்படிங்க போறது?" என்று அக்கா கேட்டாள்.

"அதான் சப்வே இருக்கேம்மா" என்றார் அந்த ஆபீசர்.

ஊர் திரும்பினதும் அக்கா நேரே நாற்றங்காலுக்குத்தான் போனாளாம். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இது சும்மா போகிற விஷயம் இல்லை. மறுநாள் காலையில் செட்டு வேலைக்குப் போகவில்லை. நாற்று முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு சப்வேக்குள் இறங்கியது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னையும் உட்காரவைத்தார்கள். ஓரமாகச் சேறு படிந்திருந்த இடத்தில் வரிசை கட்டி, குனிந்து, குலவை போட்டு நட ஆரம்பித்தார்கள் பாருங்கள்! சுரங்கத்துக்குள் குலவைச் சத்தம் எப்படி இருக்கும்? ரோட்டில் போன பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. ஆளாளுக்கு இறங்கி வந்து போனில் படம் பிடித்தார்கள். எனக்குக் கால் வலியெல்லாம் பறந்தே போயிற்று. நானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே குலவை போட்டேன்.

"கவர்மென்ட்டு கட்டுன வயலு! தண்ணியும் கவர்மென்ட்டே பாய்ச்சுது! வெளஞ்சா கொள்முதல் நிலையத்துல எடுத்துக்குவாங்களா, கேட்டுச் சொல்லுங்க!" என்று அக்கா கத்த, கூட்டம் சிரிப்பில் அதிர்ந்தது.

மத்தியானத்துக்குள் ஜீப் வந்துவிட்டது. இறங்கினது பிரகதீஸ்வரி என்ற இன்ஜினியர் பெண். சின்ன வயசு. மேலே நின்று விசாரிக்கப் போகிறது என்று பார்த்தால், பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது! "நாத்தை மிதிச்சிடாதீங்க மேடம்" என்றாள் அக்கா. "இல்லக்கா, ஓரமாத்தான் வர்றேன்" என்றது அந்தப் பெண். அக்காவுக்கு உடனே பிடித்துப்போயிற்று. சாயங்காலமே மோட்டார் வந்து இறைக்க ஆரம்பித்தது. பொழுது சாய்வதற்குள் தரை டைல்ஸ் தெரிந்தது. பிள்ளைகள் உள்ளே ஓடி ஓடிக் கத்தினார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

விடிந்து போய்ப் பார்த்தால் மறுபடியும் முழங்கால் தண்ணீர்! ராத்திரி ஒரு தூறல்கூட இல்லை.

"மழையே இல்லாம எங்கருந்துக்கா வருது?" என்று கேட்டபடி பிரகதீஸ்வரி சுவரைத் தடவிக்கொண்டே தெற்குப் பக்கம் ஏறியது. அக்காவும் கூடப் போனாள். நாலைந்து பேர் என்னை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். சுவருக்குப் பின்னால் கோரைப் புல் புதர். புல்லை விலக்கினால் வரப்பில் ஒரு வெட்டு, அதில் செருகியிருந்த ஒரு குழாய். வயல் தண்ணீர் சலசலவென்று சப்வேக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வயல் வீரையன் மாமாவுடையது.

எங்கள் பக்கம் நடுவதும் களை எடுப்பதும் பெண்கள் வேலை. தண்ணீர் கட்டுவது, வடிப்பதெல்லாம் ஆம்பிளைகள் வேலை. எந்த மடை எங்கே திறந்திருக்கிறது என்று நாங்கள் போய்ப் பார்ப்பதில்லை. அங்கே நின்ற ஆம்பிளைகளின் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தர் வானத்தைப் பார்க்கிறார், ஒருத்தர் செருப்பைப் பார்க்கிறார். அடப்பாவிகளா! அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது!

"பின்ன என்னதான் பண்ணச் சொல்ற?" என்றார் அங்கே மண்வெட்டியோடு நின்ற மாமா. "பழைய வடிகால் வாய ரோடு போட்டவங்க மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. செல்லதுரை வயலுத் தண்ணி, அதுக்கு மேல உள்ளவங்க தண்ணி, எல்லாம் என் வயல்லதான் வந்து எறங்குது. பள்ளம் பாத்து விட்டேன்."

"செந்தாமரை காலு ஒடிஞ்சப்ப ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தீங்களே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அக்கா. அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதே இல்லை.

பிரகதீஸ்வரி மழுப்பவில்லை. "தப்பு எங்க பக்கமும் இருக்குங்க. வடிகாலைத் தோண்டிக் கொடுக்கிறது எங்க பொறுப்பு. ஆனா மேல எழுதி ஆர்டர் வாங்கணும், கொஞ்ச நாள் ஆகும். சப்வே காஞ்சு கிடந்தா நடக்கிறதுக்கு வழி இருக்கும். இல்லேன்னா வேலி போடுறதுக்குள்ள இன்னொருத்தர் அடிபடுவாங்க" என்றது.

அக்கா மாமா கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினாள்.

"அமிர்தம், வேணாம். மூடினா பயிரு முழுகிடும். இப்பத்தான் பச்ச கட்டியிருக்கு" என்று மாமா கெஞ்சினார். அந்த மனுஷர் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"பயிரு போனா மறுபடி நடலாங்க. ஆளு போனா எந்த நாத்தங்கால்ல போய்ப் பறிக்கிறது?"

குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மண்ணை வெட்டி வெட்டிப் போட்டு, வெட்டு வாயை மிதித்து மூடினாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. அவள் நட்ட பயிரும்தானே அது!

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. மோட்டார் மறுபடி வந்து இறைத்துவிட்டதில் சப்வே காய்ந்து கிடந்தது, செட்டு ராஜநடை போட்டு நடந்தது. மாமாவின் வயல் குளமாயிற்று. தண்ணீர் மெல்ல வடிந்தபோது பயிர் அழுகி நாறியது. மாமா அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோறு வேண்டும் என்றுகூடக் கேட்பதில்லை, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவாராம்.

செட்டுக்காரிகள் சும்மா இருப்போமா? அவரவர் வயலில் தழைத்து நின்ற பயிர்க் குத்துகளைப் பிரித்தெடுத்து, கூலி பேசாமல், கும்பலாக இறங்கி அந்த வயலை மறுபடி நட்டுக் கொடுத்தோம். நான் கரையில் உட்கார்ந்து முடிச்சு எடுத்து வீசினேன். மாமா மோட்டார் கொட்டகையில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஒருத்தரையும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

வடிகாலைத் தோண்ட ஜேசிபி பிறகு வரத்தான் செய்தது. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு பிரகதீஸ்வரியே பக்கத்தில் நின்று தோண்டவைத்தது. ஆனால் அதற்கு முதல் நாள் நடந்ததைச் சொல்லாவிட்டால் என் கட்டை வேகாது.

அன்று காலையிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. களை எடுக்கப் போவதற்காக நாங்கள் சப்வேயின் வடக்கு வாசலில் கூடியிருந்தோம். கட்டுப் பிரித்து, ஊன்றுகோலோடு நானும் அன்றைக்குத்தான் முதல்முதலாக நடந்து வந்திருந்தேன். தெற்கே ஏதோ கூச்சல். உள்ளே நடந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தோம். மேல் வயல்காரர் செல்லதுரை மண்வெட்டியோடு நின்றார். எதிரே, அக்கா மூடிய அந்த இடத்தின் மேல், கொட்டுகிற மழையில், நனைந்த துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வீரையன் மாமா.

"தள்ளுங்க மாமா. தண்ணி ஏறுது. ஒரு மண்வெட்டி வெட்டிவிட்டா என் பயிரு பொழச்சுக்கும்" என்றார் செல்லதுரை.

"முடியாது."

"ஒங்க பயிரும் சேந்துதான முழுகும்?"

"ஒருதடவ முழுகிடுச்சு. என் பயிரக் குடுத்து அடைச்ச வாய்டா இது! வெட்டணும்னா மொதல்ல என் கால வெட்டு, அப்புறம் வரப்ப வெட்டு."

செல்லதுரை கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டார். "அப்ப எனக்கு என்னதான் வழி?"

"ரோட்டு ஆபீசுக்குப் போவோம். நானும் வர்றேன். மெஷின் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் அங்கயே குந்துவோம்."

அக்காவைப் பார்த்தேன். வாயில் கையை வைத்துக்கொண்டு சப்வே வாசலில் அப்படியே நின்றாள். மாமா திரும்பினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன புள்ள வேடிக்க பாக்குற? செந்தாமரை காலோட நிக்குது பாரு, கையப் புடிச்சுக் கூட்டிட்டு வா. பயப்படாம வாங்க. தண்ணி வராது."

அக்கா என் கையைப் பிடித்தாள். நாங்கள் நடந்தோம்.