மஞ்சள் வைத்த சேலை

கொரோனா ஊரடங்கு தளர்ந்து துணிக்கடைகள் பாதிக் கதவைத் திறந்த சமயத்தில், அம்மா என்னைக் கம்பத்துக்குக் கூப்பிட்டாள். தீபாவளி இல்லை, திருவிழா இல்லை. மலைமேல் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓடாததால் அவளுக்கு மாதக்கணக்கில் வேலையும் இல்லை. எதற்கு என்று கேட்டேன்.

"துணிக்கு உன் அளவு வேணும். வா."

கையில் வாய் கட்டிய பை ஒன்று வைத்திருந்தாள். தொடப் போனேன், மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. என் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்குப் பத்துப் பேரை வைத்துக் கல்யாணம் முடிந்துவிட்டது. செலவு மிச்சம் என்று எங்கள் ஊர் சுருளிப்பட்டியே மெச்சியது. அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், அந்த வாரத்தில் இரண்டு தடவை வந்து அவளிடம் குசுகுசுத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் பக்கம் அக்கா மகள் மேல் மாமனுக்குத்தான் முதல் உரிமை. இதற்கு மேலும் என்ன வேண்டும் சந்தேகப்பட?

கடை வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் உள்ளே போகக் கூடாது. வருகிறவர்கள் பெயரும் ஊரும் நோட்டில் எழுத வேண்டும். அம்மாவுக்காக நான் எழுதினேன்; எழுதிய கையோடு முந்தின பக்கத்தையும் புரட்டினேன். மாமாவின் பெயர் இருந்தது, வேறு யாரோ எழுதிக் கொடுத்தது.

உள்ளே அம்மா பையை அவிழ்த்தாள். சிவப்புப் பட்டு. அவள் முதுகு மட்டுமே எனக்குத் தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. கடைக்கார பாய் வாசலைப் பார்த்து நின்றதால் அவர் குரல் முகக்கவசத்தைத் தாண்டி வந்தது.

"நிச்சயத்துக்குன்னு சொல்லித்தான ஒங்க தம்பி எடுத்துட்டுப் போனாக? கலர் புடிக்கலையா தாயி?"

நிச்சயம் எனக்குத்தான். இதைவிட நல்ல கலரா தேடுகிறாள்?

"வித்த துணியத் திருப்பி எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு. முந்தியில மஞ்ச வேற வச்சிருக்கு!"

அதற்கு அம்மா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "கிருமி சாகட்டும்னு ஊரெல்லாம் மஞ்சத்தண்ணி தெளிக்கிறாக. இந்தச் சேலையில மட்டும் ஒட்டிக்கிருமாக்கும்?"

வரிசையே சிரித்தது. பாயும் சிரித்துவிட்டு, சேலையைக் குச்சியால் தூக்கித் தனியாக ஒரு சாக்கில் போட்டார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "பிள்ளை அங்கனயே நிக்கட்டும். கண்ணளவு போதும்."

அம்மா காகிதம் சுற்றிய பொட்டலத்தோடு வந்தாள். நான் அதை வாங்கவில்லை. பின்தங்கியே நடந்தேன்.

"ஏண்டி, ஆறடி தள்ளி வரச் சொன்னா அறுபதடி தள்ளி வர்றே?"

"யாருக்கு நிச்சயம்?"

அம்மா நின்றாள். பொட்டலத்தை என் நெஞ்சில் அழுத்தினாள். "படிச்சவதான? பிரிச்சுப் பாரு."

ஊதாப் பாவாடைத் துணி, கட்டம் போட்ட சட்டைத் துணி. ஒன்பதாம் வகுப்புச் சீருடை, இரண்டு செட்.

"பள்ளிக்கூடமே தொறக்கலையேம்மா."

"தொறப்பாக."

ஆட்டோவில் ஊர் போய்ச் சேரும்வரை நான் வாய் ஓயாமல் பேசினேன். அம்மா ஆட்டோக் கம்பியில் தலை சாய்த்திருந்தாள். வெயிலில் நின்ற களைப்பு என்று நினைத்தேன்.

பொங்கலுக்கு மாமா வீட்டிலிருந்து சீர் வரவில்லை. கரும்பு இல்லை, வெல்லம் இல்லை, அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து ஒரு போன்கூட இல்லை. வாசலில் தனியாக நின்ற அம்மாவிடம், மாமா ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"கொரோனாவுல எப்படி ஆத்தா வருவாக? பஸ் இல்லைல்ல."

எங்கள் தெருமுனையில் பஸ் ஓடத் தொடங்கி நாலு மாதமாகியிருந்தது. கம்பத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்த நான், அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன்.