இரத்தச் சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு அமோனியா

பிறர் இரத்தத்தில் பிழைப்பு நடத்துவதில் கொசுவுக்கும் எனக்கும் பெரிய வித்தியாசமில்லை. கொசுவிடம் யாரும் ரிசல்ட் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நாகர்கோவிலில் ஒரு லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். கொசு பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரஸ் இரத்த வெள்ளணுக்களுக்குள் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது என் வேலை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு திட்டு வாங்கும் சக லேப்காரர்களே, இதெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும்.

தீப்பெட்டிக்குள் குற்றவாளி

புதுக்கடையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் ஒருவர் லேசான காய்ச்சலோடு வந்து, ஒரு தீப்பெட்டியை மேஜையில் வைத்தார். உள்ளே செத்த கொசு. இரத்தம் தரமாட்டாராம், இதையே டெஸ்ட் செய்ய வேண்டுமாம். லென்ஸில் பார்த்தேன். “இது ஆண் கொசு. ஆண் கொசு கடிக்காது” என்றேன்.

அவர் முகம் தொங்கிப் போயிற்று. “அப்போ கடிச்சது இவனுக்க பெஞ்சாதியா? நான் ஆளு மாறி அடிச்சுப்போட்டேனே, மேடம்!”

அயிலையோடு ஒரு பயணம்

எங்கள் சோதனைக்கு வெள்ளணுக்கள் சிதையாமல் வந்து சேர வேண்டும். கடற்கரைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஆட்டோக்காரர் ஒருவர் இரத்தம் எடுத்த குழாயைக் கொண்டுவந்தார். வழியில் கெட்டுவிடுமோ என்று வீட்டுக்கு வாங்கிய அயிலை மீனுக்கு அடியில், ஐஸில் புதைத்திருந்தார். இரத்தம் கல்லாகி, அணுக்கள் எல்லாம் வெடித்திருந்தன. எனக்கு வந்த கோபத்தில் கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மீனு கெடல்லியே மேடம், பிறகு ரெத்தம் மட்டும் எப்படிக் கெட்டுது?”

மூடியைத் திறந்தால் கண்ணீர்

கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டுகிறவர் ஸ்டீபன். அவருடைய ஏழு வயது மகள் அஜிதா காய்ச்சலில் பேச்சுமூச்சின்றி மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கொசுவால் வந்த மூளைக்காய்ச்சல் என்றால் அந்த வைரஸை ஒழிக்கத் தனி மருந்து கிடையாது. வேறு காய்ச்சல் என்றால் பிழைக்க வழி உண்டு. டாக்டர் எங்கள் பதிலுக்குக் காத்திருந்தார். ஆட்டோக்காரரிடம் பட்ட அனுபவம் இருந்ததால் ஸ்டீபனிடம் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன்: “ஐஸ் கூடாது, இரத்தம் கட்டியாகவும் கூடாது.”

ஸ்டீபனே குழாயைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடியில் எனக்குக் கண்ணீர் கொட்டியது. பஸ் தாமதம் என்றதும் மனிதர் ரப்பர் பால் அளக்கும் ஷெட்டுக்குப் போய், பால் உறையாமலிருக்க விடும் அமோனியாவை இதிலும் விட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக் குழாயிலேயே கட்டியாகாமலிருக்க மருந்து உண்டு என்பதை நான் சொல்லவில்லை. வெள்ளணு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“ரெண்டு சொட்டு விட்டா எங்க பாலு நாளைக்கு வரை கட்டியாவாது, சிஸ்டரே” என்றார். “ரெத்தத்துக்கு அது போதாதா?”

இரண்டாவது குத்து

கத்த வாயைத் திறந்தேன். போனில் சொல்லாமல் விட்டது நான்தான் என்பது நினைவுக்கு வர, மூடிக்கொண்டேன். லேப் ஜீப்பில் அவரோடு நானே போய் அஜிதாவிடம் மறுபடி இரத்தம் எடுத்தேன். அவள் கண் திறக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. திரும்பும் வழி முழுக்க ஸ்டீபன், குழாயைத் தொட்டுவிடுவோமோ என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

வைரஸ் இருந்தால் வெள்ளணுக்கள் பச்சையாக மின்னும். மைக்ரோஸ்கோப்பில் மூன்று தரம் தேடினேன். ஒன்றும் மின்னவில்லை. டாக்டர் வேறு சோதனையும் பார்த்து, உண்ணிக்காய்ச்சல் என்று உறுதிசெய்து மருந்தைத் தொடங்கினார். இரண்டு நாள் கழித்து அஜிதா கஞ்சி கேட்டாள் என்று போன் வந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஜெபராணி என் முகத்தைப் பார்த்தாள். “இப்போ யாரும் அமோனியா விடல்லியே அக்கா, பிறகு எதுக்குக் கண்ணு கலங்குது?”

மகளின் நிபந்தனை

போன மாதம் ஸ்டீபன் மகளோடு லேபுக்கு வந்தார். டாக்டர் இன்னொரு தரம் இரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். அஜிதா தைரியமாகக் கையை நீட்டினாள். நான் ஊசியை எடுத்ததும் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். வலிக்கும் என்று பயமா என்று கேட்டேன்.

“அதில்ல சிஸ்டரே. முதல்ல அப்பாவுக்க சட்டைப் பையைப் பாருங்க.”

அணுவுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸைக் கண்டுபிடிக்க ஆயிரம் வழி வந்துவிட்டது. அந்த இரத்தத்தைக் கொண்டுவரும் தகப்பன் பாசத்தில் என்னத்தைக் கலந்தான் என்று கண்டுபிடிக்க இன்றைக்கும் என் மூக்கு ஒன்றுதான் இருக்கிறது.