வாடிக்கு வராத அறிவித்தல்

மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எனக்கொரு கொமினிக்கேஷன் கடை இருக்கிறது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு கம்பியூட்டர், என்னைவிட வயதான ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். போன கிழமை பள்ளிமுனையிலிருந்து ஒரு தாய் பழைய வினாத்தாள் கட்டொன்றைக் கொண்டுவந்து பிரதி எடுக்கக் கொடுத்தா.

"மூத்தவன் படிச்ச பேப்பருகள். இளையவனுக்கும் உதவுந்தானே பிள்ளை? பாடத்திட்டத்தை மாத்தப் போறாங்களாம் எண்டும் சொல்லுகினம்."

"எனக்கும் தெரியாதக்கா. ரீச்சரிட்டக் கேட்டுட்டு எடுங்கோவன்" என்றேன். வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புவதில் என்னை வெல்ல ஆளில்லை. ஆனாலும் அந்தக் கட்டைத் தொட்டதும் எனக்கு மனம் சரியில்லாமல் போய்விட்டது. என் அக்காவிடமும் இப்படி ஒரு கட்டு இருந்தது. அது கருவாடு மணக்கும்.

எங்களுக்கு ஊர் பேசாலை. வாடைக்காற்று எழும்பினால் எங்கள் பக்கத்துக் கடலில் இறங்க முடியாது. வள்ளம், வலை, சட்டி பானை எல்லாவற்றோடும் குடும்பமாகத் தென்கரைக்குப் போய், ஓலைக் குடிசை போட்டுத் தங்கித் தொழில் செய்வோம். அதைத்தான் வாடி என்பது. தவக்காலம் முடிந்து பாஸ்காத் திருநாள் வருவதற்குள் ஊர் திரும்பிவிடுவோம். அந்த மாதங்களில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அதன் பலனாக இன்றைக்கும் சின்னக் கூட்டலுக்குக்கூடக் கல்குலேற்றரைத் தட்டுகிறேன்.

அக்கா அப்படியில்லை. சாதாரண தரச் சோதினையில் எல்லாப் பாடமும் சித்தி, கணிதம் மட்டும் போய்விட்டது. அவளுக்குத் தாதியாக வேண்டும். கணிதம் இல்லாமல் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியாது. அந்த நேரம் பார்த்துப் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். தவறவிட்டவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்தில் இன்னும் ஒரேயொரு தடவை எழுத இடம் உண்டு, அதற்குப் பிறகு எல்லாம் புதிது என்றார்கள். அக்கா வினாத்தாள் கட்டைச் சீலையில் சுற்றிக்கொண்டு வாடிக்கு வந்தாள்.

மீனைப் புரட்டிப் போட்டுக் காயவைத்தபடியே சூத்திரங்களைப் பாடமாக்குவாள். "என்னடி, மீனுக்கு மந்திரம் ஓதுறியோ?" என்று அம்மா கேலி செய்வா. ஈர மணலில் ஈர்க்கால் முக்கோணம் கீறி, வாடிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பாள். முதலில் தடுமாறியவளுக்குப் போகப்போக விடையெல்லாம் சரியாக வந்தது. அக்காவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

எங்கள் ஊரில் எந்த அறிவித்தலும் ஞாயிறு பூசை முடிவில், கோயிலில்தான் வரும். வலை மானியமோ, தடுப்பூசியோ, சோதினை விண்ணப்பமோ, பங்குக் குருவான சாமி வாயால் சொன்னால்தான் எங்களுக்கு அது நடந்த மாதிரி. பள்ளிக்கூடத்தை விட்டவர்கள் வெளியாட்களாக விண்ணப்பிப்பதும் வழக்கமாக எல்லோரும் வாடியால் திரும்பிய பிறகுதான். அக்காவுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம்.

"அப்பா, ஒருக்கா ஊருக்குப் போய்க் கேட்டுட்டு வருவமே?"

"சாமி சொல்லாம எந்தச் சோதினை பிள்ளை வந்தது? பாஸ்காவுக்குப் பிறகுதான் கேப்பினம். நீ யோசிக்காமப் படி."

சாமி சொல்லித்தான் இருந்தார். புதுத் திட்டத்தோடு திகதிகளையும் முன்னுக்கு இழுத்துவிட்டார்கள். அவர் பூசை முடிவில் அதை வாசித்தபோது, ஊரில் பாதிப்பேர் எங்களைப் போல வாடியில் இருந்தோம்.

திரும்பி வந்த மறுநாளே அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போய்க் கல்விக் கந்தோர் வாசலில் நின்றா. அங்கிருந்த ஐயா நல்ல மனிதர். எங்களை இருக்கச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்.

"திகதி முடிஞ்சுதம்மா. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசி. இனி எழுதிறதெண்டால் பிள்ளை புதுசைத்தான் படிக்கவேணும்."

"ஐயா, நாங்கள் வாடியில இருந்தனாங்கள்."

"எனக்கு விளங்குதம்மா. கொழும்புக்கு வாடி தெரியாதே."

அக்கா பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பா அதன் பிறகு நெடுநாள் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடவில்லை. அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் திகதியை மாற்றியவர்களில்தான் வந்தது, இன்னும் ஆறவில்லை. புதுப் புத்தகத்தை அக்கா இரவல் வாங்கி ஒரு நாள் முழுக்கப் புரட்டினாள். தன்னிலும் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் இருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். "எனக்குக் களைச்சுப்போச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, நண்டுச் சதை எடுக்கும் கம்பனிக்கு வேலைக்குப் போனாள்.

ஆனால் கணக்கை விடவில்லை. பின்னேரங்களில் அயல் பிள்ளைகள் எங்கள் முற்றத்தில் கூடுவார்கள். சத்தம் தெருமுனை வரை கேட்கும். ரீச்சர் என்று அவர்கள் கூப்பிட்டால், வேண்டாம் என்பாள், ஆனால் சிரிப்பாள்.

போன நத்தார்ப் பண்டிகைக்கு என் மகள் ஒரு கணக்கைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினாள். அக்கா கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மளமளவென்று செய்து கொடுத்தாள். மகள் விடையைப் பார்த்தாள்.

"விடை சரி பெரியம்மா. ஆனா இப்ப இப்பிடிச் செய்தாப் புள்ளி தரமாட்டினம்."

பிள்ளை ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல்தான் சொன்னாள். அக்கா பேனையை மூடினாள்.

"அப்ப உங்கட ரீச்சரிட்டையே கேளம்மா. நான் படிச்சது இப்ப இல்லை."

அதற்குப் பிறகு அக்கா யாருக்கும் கணக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைகளும் வருவதை நிறுத்திவிட்டார்கள். பின்னேரம் வேலையால் வந்ததும், நண்டு மணக்கும் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிவிட்டு, முற்றத்தில் கதிரையைப் போட்டுச் சும்மா இருக்கிறாள்.