பார்க்காமல் விட்ட சிவப்புக் கோடு

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போனால், ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் உதடெல்லாம் உப்புக் கரிக்கும். மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரி வரைக்கும் அப்படி ஒரு காற்று. முடி பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் ஜன்னல் சீட்டை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்தப் பதிவே அந்த ஜன்னல் சீட்டால்தான்...

பாண்டிச்சேரியில் ஒரு சின்ன டிசைன் கம்பெனி. அதுதான் என் முதல் வேலை. மெஷ்ஷிங் டிரெய்னி. கம்ப்யூட்டரில் வரைந்து வரும் மெஷின் பார்ட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அப்படிப் பிரித்தால்தான் எந்த இடம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சாஃப்ட்வேர் கணக்குப் போடும்.

உப்பளத்தில் வேலை பார்த்த அம்மாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே... "பாத்தி கட்டுற மாதிரிதாம்மா, நாங்க கம்ப்யூட்டர்ல கட்டுறோம்" என்றேன்.

"வெயில்ல நிக்க வேணாம், தண்ணி பாச்ச வேணாம். இதுக்கு சம்பளம் வேற குடுக்குறானா?" என்று சிரித்தாள்.

சுலபமான வேலை ஒன்றும் இல்லை அது. கட்டம் கோணலாகப் போனால் சிவப்பாகிவிடும். ஒரு வளைவான மூலையைச் சரிசெய்யவே மத்தியானம் முழுக்க ஆகும். அதுவும் சரியாகிவிட்டால் ஏதோ சாதித்த மாதிரி பக்கத்து சீட்டு யாஸ்மினைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

யாஸ்மின் கோட்டக்குப்பத்துப் பெண். என்னோடு சேர்ந்த டிரெய்னி. சாயங்காலம் ஒரே பஸ். அவள் ஊர் கால் மணி நேரத்தில் வந்துவிடும், எந்த பஸ்ஸிலும் போகலாம். ஆனாலும் எனக்காக ஓடி வருவாள். முதலில் ஏறினாலும் ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுவிட்டுத்தான் உட்காருவாள்.

அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா ஷார்ஜாவில் இருந்தார். இவள் வேலை நிரந்தரமானால் அங்கே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவருடைய காண்ட்ராக்ட் முடிகிற நேரம் வேறு. "இன்னும் ஒரு மாசம்தான்டி" என்று தினமும் சொல்லுவாள்.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தர் போட்ட மெஷ்ஷை இன்னொருத்தர் செக் பண்ணி, லிஸ்ட்டில் டிக் அடித்துப் பெயர் போட வேண்டும். "செய்யறவங்க தப்பு பண்ணலாம். செக் பண்றவங்க பண்ணக் கூடாது" என்பார் எங்கள் டீம் லீட் குமரன் சார்.

ஒரு வெள்ளிக்கிழமை... டிராக்டர் சீட்டும் அதைத் தாங்கும் பிராக்கெட்டும் என் வேலை. இரண்டையும் தனித்தனியாகப் போட்டுக் கடைசியில் ஒட்ட வேண்டும். ஒட்டாமல் விட்டாலும் பார்வைக்கு ஒட்டின மாதிரிதான் தெரியும். ஃப்ரீ எட்ஜ் என்று ஒரு செக் இருக்கிறது. அதைப் போட்டால்தான் ஒட்டாத ஓரம் சிவப்புக் கோடாகக் காட்டும்.

யாஸ்மின் லிஸ்ட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் பையை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நின்றேன்.

"ஃப்ரீ எட்ஜ் பாத்துட்டியாடி?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"பாத்துட்டேன் பாத்துட்டேன், வா... பஸ் போய்டும்" என்றேன்.

டிக் அடித்தாள். பெயர் போட்டாள். ஓடினோம்.

அன்று வீட்டில் ஒரு அவசரமும் இல்லை. அடுத்த பஸ்ஸில் கூட்டம் இருக்கும், நின்றுகொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

திங்கட்கிழமை கிளையண்ட் கால். அனாலிசிஸ் ஓடி முடிந்த அனிமேஷனைத் திரையில் போட்டார்கள். சீட்டின் மேல் பாரம் ஏறியது. பிராக்கெட் அசையாமல் நின்றது. சீட் மட்டும் தனியாகக் கழன்று, கீழே இறங்கி, திரையை விட்டே போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை.

கால் முடிந்ததும் குமரன் சார் கேட்டார். "செக் பண்ணது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் யாஸ்மின்.

'இவள் பார்த்துவிட்டதாகச் சொன்னாள்' என்று என்னைக் காட்டி அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்க வேண்டும். கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அவளுக்கு மூன்று மாதம் தள்ளிப்போட்டார்கள்.

பஸ்ஸில் ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். "அத்தா இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கையெழுத்து போட்டுட்டாருடி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளே என் கையைத் தட்டி, "நீ பாத்துருப்ப, கண்ணுல படாம போயிருக்கும். உடுடி" என்றாள். அன்றும் ஜன்னல் ஓரத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது என்னிடம் ஒரு டீம் இருக்கிறது. பாதி நாள் மரக்காணம் வீட்டிலிருந்தே வேலை. அன்று மூன்று நாள் இழுத்த மெஷ்ஷை சாஃப்ட்வேர் நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் போட்டுவிடுகிறது. ஒட்டாத ஓரம் இருந்தால் அதுவே சிவப்புக் கோடு காட்டும், சரிசெய்யாமல் அனுப்ப விடாது. நல்லதுதான். பக்கத்து சீட்டிலிருந்து "பாத்துட்டியாடி?" என்று கேட்க ஆளே வேண்டாம். பொய் சொல்லவும் வழியில்லை.

ஆனால் அப்படிக் கேட்கிற குரல் இல்லாமல் ஆபீஸ் என்னவோ மாதிரிதான் இருக்கிறது...

போன மாதம் கோட்டக்குப்பம் போயிருந்தேன். யாஸ்மினின் அத்தா ஊரோடு வந்து ரொம்ப நாளாகிறது. முடி முழுக்க நரைத்துவிட்டது. டீயை என் கையில் கொடுத்துவிட்டு, "ஜன்னல் சீட்டு கேக்குற பொண்ணு நீதானாம்மா? ஷார்ஜாவுக்கு ஃபோன் பண்றப்பல்லாம் உன் கதைதான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டேன்.

யாஸ்மின், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும்.

கண்ணுல படாம போகலடி. நான் பாக்கவே இல்ல.