இன்னும் ஒரு கால் சுற்று

என் தங்கை பெற்றது இரண்டு. மூத்தவன் ஏசி மெக்கானிக். இளையவள் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டரில் படம் போடுகிறவள். கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி காட்டிவிடுவாள். சமையலறை ஜன்னல் வழியாக மேடைமேல் வெயில் விழுவதுகூடத் தெரியும். நான் சொல்லப்போவது மூத்தவனைப் பற்றி.

கூட வேலை பார்க்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் உடும்பு. அவன் முடுக்கிய நட்டை இன்னொருத்தர் கழற்றுவது நடக்காத காரியம். அது எங்கள் அப்பாவின் கை. அப்பா மூடிவைத்த பாட்டிலைத் திறக்க அம்மா பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவாள். அந்தப் பிடி எனக்கும் வரவில்லை, என் தங்கைக்கும் வரவில்லை, எங்களைத் தாண்டிக் குதித்து இவனிடம் போய் உட்கார்ந்துகொண்டது. ஏசி வேலைக்கு அது வரம். குழாய் சேருமிடத்தில் சோப்பு நுரையைத் தடவிப் பார்ப்பான். குமிழி வந்தால் கேஸ் கசிகிறது என்று அர்த்தம். "இன்னும் ஒரு கால் சுத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முடுக்குவான். குமிழி நின்றுவிடும். இருபது வருஷம் அந்தக் கால் சுற்றில்தான் அவன் பிழைப்பு ஓடியது.

அண்ணனும் தங்கையும் ஏழு வருஷம் பேசவில்லை. அவள் கட்டிக்கொள்ள நினைத்தவனைப் பார்த்துவிட்டு, "இவன் நிலைக்க மாட்டான்" என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அவள் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு இவன் போகவில்லை. நாலாம் வருஷம் அந்த மாப்பிள்ளை போன இடம் தெரியவில்லை. சொன்னது பலித்ததில் இவனுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை; அவள் முகத்தில் விழிக்கக் கூச்சம்தான் கூடிப்போனது. அவளுக்கும் அதே கூச்சம். நடுவில் தூது போய்ப் போய் என் செருப்புதான் தேய்ந்தது.

கடைசியில் அவர்களைச் சேர்த்து வைத்தது ஒரு சூடு. அவள் கம்ப்யூட்டரில் படத்தை உண்டாக்குகிற பாகத்துக்கு கிராபிக்ஸ் கார்டு என்று பெயர். ஒரு படம் முடிய ஒன்பது மணி நேரம் ஓடும். ஓட ஓடக் கொதித்து, சூடு தாங்காமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாதக் கடைசிக்குள் ஒரு பெரிய கட்டடத்துக்குப் பன்னிரண்டு படம் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் அந்தக் கம்பெனி வேலை அவளுக்கு நிலைத்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போட்டாள்.

"அண்ணா."

ஏழு வருஷத்துக்குப் பிறகு வந்த வார்த்தை. இவன் "யாரு?" என்று கேட்டானாம், மடையன்.

"உனக்கு எத்தனை தங்கச்சி? என் கம்ப்யூட்டர் கொதிக்குது. ஊரையே குளிர வைக்கிறல்ல, வந்து பாரு."

போனான். திரையில் எண்பத்தெட்டு டிகிரி காட்டியது. உள்ளே கார்டின் சூட்டை இறக்குகிற கூலரின் விசிறி பழைய மிக்ஸி மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

"இந்தக் கூலரை பொம்மைக்குத்தான் வைக்கணும்" என்றான்.

பழைய பாகம் விற்கிற கடைகளில் தேடி, செத்துப்போன வேறொரு கார்டின் கூலரை வாங்கி வந்தான். கனமான செம்புக் குழாய்கள், இரண்டு பெரிய விசிறி. ஓட்டை பொருந்தவில்லை. தகட்டை வெட்டி, துளை போட்டு, தானே பிடிமானம் செய்தான். கார்டோடு வந்த திருகாணிகளில் ஸ்பிரிங் இருந்தது, ஓரளவுக்கு மேல் இறங்காமல் தானே நிற்கும். இவன் போட்டவை வெறும் திருகாணி. கை நிறுத்தினால்தான் நிற்கும்.

கார்டின் நடுவில் இருக்கும் சில்லின் சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது; அதைத் துடைத்து, புதிதாகப் பட்டாணி அளவு வைத்து மாட்டினான். எண்பத்தெட்டு அறுபத்துநாலாக இறங்கியது. சூடு குறைந்த தைரியத்தில் கார்டின் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டான். ஒன்பது மணி நேர வேலை ஏழில் முடிந்தது.

"உன்னை ஏழு வருஷம் முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்ணா."

"கூப்பிட்டிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? அப்போ இந்தக் கார்டே உன்கிட்ட இல்லையே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் எனக்குப் போன் பண்ணி அந்தச் சிரிப்பைக்கூட விடாமல் சொன்னான்.

அடுத்த ஞாயிறு மறுபடி போனான். எட்டுப் படம் முடிந்திருந்தது. நாலுதான் பாக்கி. திரையில் இன்னொரு எண்ணும் இருந்தது. சில்லில் எந்த இடம் அதிகமாகக் கொதிக்கிறதோ அந்த இடத்துச் சூடு. அது மட்டும் இருபது டிகிரி கூடுதலாக நின்றது. ஏதோ ஒரு மூலையில் கூலர் சரியாக அழுந்தவில்லை என்று நினைத்தான். அவன் கண்ணுக்கு அது கசிவாகத்தான் தெரிந்தது.

"போதும்ணா, நல்லாத்தானே ஓடுது."

"இன்னும் ஒரே ஒரு கால் சுத்து. ஆறு மணி நேரத்துல முடிச்சுத் தரேன் பாரு."

அவள் டீ போடப் போனாள். இவன் மின்சாரத்தை நிறுத்தி, கார்டைக் கழற்றி மடியில் வைத்து, பின்பக்கத்து மூலைத் திருகாணியை முடுக்கினான். நகம் வெட்டினால் கேட்குமே, அத்தனை சின்னச் சத்தம்.

கூலரைத் தூக்கிப் பார்த்தான். கண்ணாடி மாதிரி இருக்கும் சில்லின் ஒரு மூலை நொறுங்கியிருந்தது. கடுகில் பாதிகூட இல்லை அந்தத் துணுக்கு. அப்படியே மூடி, பழையபடி மாட்டினான். அவள் டீயோடு வந்தபோது விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. திரை கருப்பாக இருந்தது.

"என்னண்ணா ஆச்சு?"

"பழைய கார்டும்மா. அதுவா போயிருச்சு. இத்தனை நாள் சூட்டுல வெந்ததுதானே."

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

"விடு. நீ என்ன பண்ணுவ? நீ வரலைன்னா இந்த எட்டும் முடிஞ்சிருக்காது."

"அந்த டீயைக் குடிச்சேன் மாமா" என்று மறுநாள் என்னிடம் வந்து சொன்னான். வேறு எதையும் விட அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்டப் போய்ச் சொல்லு, இன்னைக்கே" என்றேன்.

"சொல்றேன்" என்றான். இரண்டு நாள் போகவில்லை.

அதற்குள் அவள் கார்டைப் பழுது பார்க்கிற கடைக்கு எடுத்துப் போய்விட்டாள். கடைக்காரர் பிரித்து, பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்து மூலையைக் காட்டினாராம். "இது சூட்டுல போனது இல்லம்மா. யாரோ நல்லா முடுக்கியிருக்காங்க." யார் கை என்று அவளுக்கா தெரியாது?

மூன்றாம் நாள் இவன் வாசலில் நின்று, "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தான்.

"தெரியும்" என்றாள். "உடைஞ்சதுக்கு ஒண்ணும் இல்லண்ணா. உன் கை அப்படி. ஆனா ஏழு வருஷம் பேசாம இருந்தப்பகூட நீ என்கிட்ட பொய் சொன்னதில்ல. பிடிக்காததை மூஞ்சிக்கு நேரா சொன்னவன் நீ ஒருத்தன்தான். அதை நம்பித்தான் கூப்பிட்டேன்."

அவன் வாசலோடு திரும்பி என் வீட்டுக்கு வந்தான்.

நாலு படம் குறைந்ததில் கம்பெனி வேலை கைவிட்டுப் போனது. இப்போது யாரிடமோ வாங்கிய பழைய கார்டை வைத்துக்கொண்டு துண்டுதுணுக்கு வேலை செய்கிறாள். இவன் முடுக்கிய ஏசிகளில் கேஸ் கசிகிறது என்று ஆட்கள் திரும்பக் கூப்பிடுகிறார்கள். கடைசிக் கால் சுற்றுக்கு முன்னால் கை நின்றுவிடுகிறதாம். உடும்பு என்ற பெயர் மட்டும் போகவில்லை.

அவள் வீட்டுக்குப் போவதை அவன் நிறுத்தவில்லை. வா என்பாள், சாப்பிட்டியா என்பாள். போன மாதம் நானும் கூடப் போனேன். உள்ளறையில் கார்டு ஓடிக்கொண்டிருந்தது, விசிறி கத்தியது. இவன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"எண்பத்தஞ்சு இருக்கும்" என்றான் மெல்ல.

அவள் எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.