அரை எம்பி

என் மனைவி ராஜகுமாரிக்கு அம்பத்தூரில் வேலை. நாடு முழுக்க இன்டர்நெட்டைச் சுமந்துகொண்டு ஓடுகிற பெரிய கேபிள்களை கம்ப்யூட்டரில் கண்காணிப்பது. நான் லேத் பட்டறைக்காரன், எனக்கு அதில் ஒரு மண்ணும் தெரியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் ஒரு கணக்குச் சொல்வாளாம். அந்தக் காலத்தில் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு நெட் கொடுத்ததே மோடம், அதில் பதினெட்டு லட்சத்தை ஒன்றாகக் கட்டினால்தான் இப்போதைய ஒரு கேபிளாம். இதை வீட்டில் சொன்னால் என் மாமியார் சொர்ணம், "போடி, பெரிய கேபிளு. நம்ம ஊட்ல டிவியே சுத்திகினு நிக்குது" என்பார்.

நசரத்பேட்டையில் நாற்று நட்ட கை அத்தையுடையது. நிலமெல்லாம் பிளாட் ஆன பிறகு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் மகளை பாலிடெக்னிக்கிலும் மகன் தேவாவைக் கப்பல் படிப்பிலும் சேர்த்தார்.

போன வருஷம் தேவா வேலை பார்த்த சரக்குக் கப்பலில், என்ஜின் ரூமில் தீப்பிடித்தது. இரண்டு பேரைக் காணவில்லை என்று டிவியில் ஓடியது. பெயர் போட்டால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? போடவில்லை. அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சரிந்தார். பூந்தமல்லியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் ரொம்பப் பலவீனமாகிவிட்டது, ஒரு நாள் தாங்கினாலே பெரிசு என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

மறுநாள் காலை தேவாவே போனில் வந்தான். உயிரோடு இருந்தான். ராஜகுமாரி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தீயில் கப்பலின் பெரிய டிஷ் எரிந்துவிட்டது, மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாட்டிலைட் போன். அதில் வரும் குரல் நசுங்கி, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது. அத்தையின் காதில் வைத்தோம். இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத் தள்ளிவிட்டார்.

"இது தேவா இல்ல. எவனையோ பேச வெச்சி என்னை ஏமாத்துறீங்க. எம்புள்ள மூஞ்சியக் காட்டு, நம்பறேன்."

ராஜகுமாரி போனோடு வராந்தாவுக்கு ஓடினாள். அந்தப் போனை லேப்டாப்பில் சொருகினால் பழைய மோடம் மாதிரி போட்டோ அனுப்பலாமாம். ஆனால் காலையில் உயிரோடு இருப்பதைச் சொல்ல மட்டும்தான் விட்டிருந்தார்கள், இனி கேப்டன் முறை வைத்து ஆளுக்குப் பத்து நிமிஷம்தான் தருவார். தேவாவின் முறை அன்று சாயங்காலம். அதை விட்டால் நாளை மறுநாள்தான்.

"சின்னதா அமுக்கி அனுப்பட்டா, அக்கா?" என்று கேட்டான் தேவா.

"வேணாண்டா. அம்மாவுக்குக் கண்ணு மங்கலு. பளிச்சுனு இருந்தாத்தான் நம்பும். அரை எம்பி அனுப்பு, நாலு நிமிஷத்துல வந்துரும்."

அந்த வராந்தாவில் நின்று, அழுதுகொண்டே, விரல் விட்டுப் போட்ட கணக்கு அது. லைனின் வேகத்தை பிட்டில் சொல்வார்களாம், போட்டோவின் அளவை பைட்டில் சொல்வார்களாம். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். இங்கிலீஷில் ஒன்றுக்குச் சின்ன பி, இன்னொன்றுக்குப் பெரிய பி. வாயில் சொன்னால் இரண்டுமே எம்பிதான். எந்த மகராசன் வைத்த பெயரோ, அவன் என் கையில் கிடைத்தால் தெரியும் சேதி. அவளுக்கு இது தெரியாததில்லை. ஆபீசில் எல்லாமே பிட்டில்தான் ஓடும், அந்தப் பழக்கத்தில் எட்டால் பெருக்க மறந்துவிட்டாள். நாலு நிமிஷம் என்றது நிஜத்தில் அரை மணி நேரம்.

சாயங்காலம் மூவரும் அவளுடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு நிமிஷம் போனது. ஆறு நிமிஷம் ஆனது. ராஜகுமாரியின் உதடு என்னவோ முணுமுணுத்தது. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"எட்டால பெருக்கலங்க" என்றாள்.

தேவாவைக் கூப்பிட வழியில்லை, இருக்கிற ஒரு லைனிலும் அந்தப் போட்டோதான் வந்துகொண்டிருந்தது. நான் சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். மாங்காட்டு அம்மனை மட்டும் நூறு தடவை கூப்பிட்டிருப்பேன். பத்து நிமிஷத்தில் லைன் அறுந்தது.

வந்தவரைக்கும் திறந்தாள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் வந்திருந்தது. கப்பலின் இரும்புச் சுவர், தலைமுடி, நெற்றி, ஒரு புருவம். அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம்.

காட்ட வேண்டாம் என்று நான் தலையாட்டினேன். அதற்குள் அத்தை கையை நீட்டிவிட்டார்.

"முடி தேவா முடிதான்" என்றார். முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. விரலால் படத்தை மேலே தள்ளினார், மீதி கீழே இருக்கும் என்று. மறுபடி மறுபடி தள்ளினார்.

"மூஞ்சி எங்கடி?"

"வந்துகினே கீதுமா."

அத்தையின் விரல் அந்தச் சாம்பல் நிறத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"வெந்துபோச்சாடி? அதான் மறைக்கிறீங்களா?"

"ஐயோ இல்லம்மா, அவன் நல்லா கீறான். நான்தாம்மா கணக்க தப்பாப் போட்டேன்" என்று ராஜகுமாரி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். செத்துப்போன மகனுக்கு என்னடி கணக்கு என்பது போல அத்தை அவளைப் பார்த்தார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். விடியும் முன்னே போய்விட்டார்.

தகனம் முடிந்த மறுநாள் தேவாவின் முறை வந்தது. விஷயத்தை நான்தான் சொன்னேன். அவன் அழுத அழுகையும் நசுங்கித்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அக்காகிட்ட குடு மாமா" என்றான். ஸ்பீக்கரைப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

"அக்கா, டைம் ஆச்சுன்னு லைன புடுங்கிட்டாங்க. போட்டோ முழுசா வந்துச்சா?"

"வந்துச்சுடா."

"அம்மா பார்த்துச்சா? நான் உசுரோட கீறேன்னு நம்பிச்சா?"

ராஜகுமாரி புடவை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு எடுத்தாள்.

"நம்பிச்சுடா. உன்ன முடி வெட்டிக்கச் சொல்லிச்சு."